உங்களுக்குத் தெரியுமா? தார்ப்பாய்க்குள் தூங்கும் கார்கள்

தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று கொட்டகையில் நிற்கும் வீடுகள் நம் ஊர்களில் இன்னும் உண்டு. அந்தக் கார்கள், அவற்றைச் செய்த ஆலைகள், அவற்றை விடமாட்டேன் என்று பிடித்து வைத்திருப்பவர்கள் பேசிக்கொள்ளும் வாதங்கள், எல்லாம் கலந்து இந்த இதழ்த் துணுக்குகள்.

● பஞ்சரானால் ‘ஸ்டெப்னியை எடு’ என்கிறோமே, அந்த ஸ்டெப்னி ஒரு தெருவின் பெயர். ஆரம்பகாலக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெத்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆரக்கால் இல்லாத வளையம், அதன்மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கத்தில் இதை வைத்து இறுக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். அந்தச் சாதனம் எப்போதோ வழக்கொழிந்தது. பெயர் மட்டும் நம் ஊர்ப் பஞ்சர் கடைகளில் நிற்கிறது.

● ‘டிக்கி’யும் அப்படித்தான். இரண்டு பேர் உட்காரும் அந்தக் காலக் கார்களில் பின்மூடியைத் திறந்தால், கூரையில்லாத ஒரு கூடுதல் இருக்கை விரியும். ஆங்கிலேயர்கள் அதை டிக்கி சீட் என்றார்கள். இருக்கை போய், பெட்டி வைக்கும் இடமான பிறகும் நாம் பெயரை மாற்றவில்லை.

● ‘செல்ஃப் எடுக்கல’ என்று சொல்கிறோமே, அந்த செல்ஃப் 1912-ல் காடிலாக் காரில்தான் எல்லா வண்டிக்கும் பொதுவான அம்சமாக முதலில் வந்தது. அதுவரை முன்னால் நின்று கம்பியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். அதனால்தான் பழைய டிரைவர்கள் கட்டை விரலைக் கம்பியைச் சுற்றிப் பிடிக்காமல், மற்ற விரல்களின் பக்கமே வைத்துச் சுழற்றச் சொல்லித் தருவார்கள். இன்றும் கம்பி போட்டு வண்டி எடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

● 1910-ல் கல்கத்தா வீதியில் ஓர் அன்னம் ஓடியது. அங்கே வாழ்ந்த மேத்யூசன் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்தின் புரூக் கம்பெனியிடம் அன்னப் பறவை வடிவத்தில் கார் செய்யச் சொல்லி வரவழைத்தார். அலகிலிருந்து நீராவி சீறும். பின்பக்கத்திலிருந்து சுண்ணாம்புக் கரைசல் எச்சம்போல விழும். தெருவில் கலவரமாகி, போலீஸ் தடுத்தது. பிறகு நாபா மகாராஜாவிடம் போன அந்தக் கார், இப்போது நெதர்லாந்தின் ஹேக் நகரில் லௌமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

● ரோல்ஸ் ராய்ஸ் விற்பனையாளர் அவமதித்தார், மகாராஜா கோபித்துக்கொண்டு அத்தனை ரோல்ஸையும் குப்பை வண்டியாக்கினார் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அல்வார் மன்னர் பெயரில் ஒருவர் சொல்வார், வேறு மன்னர் பெயரில் இன்னொருவர் சொல்வார். ஆண்டும் காரும்கூட ஆளுக்கு ஆள் மாறும். ஒரே கதைக்கு இத்தனை நாயகர்கள் இருந்தால் அது வரலாறு ஆகாது.

● சென்னைக்கு ஒரு பெருமை. குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்சன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன், 1903-லேயே இங்கே ஒரு நீராவிக் கார் செய்து ஓட்டினார்.

● சென்னைப் பதிவெண்களில் எம்.சி. 1, துறைமுகத்தை உருவாக்கிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு. எம்.சி. 3, நகரின் புகழ்பெற்ற கட்டடங்கள் பலவற்றைக் கட்டிய ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டியாரின் பிரெஞ்சுக் காருக்கு.

● அசோக் லேலண்ட் என்றால் லாரியும் பஸ்ஸும்தான் நினைவுக்கு வரும். அது தொடங்கியது காரில். 1948-ல் ரகுநந்தன் சரண் என்பவர் தன் மகன் அசோக்கின் பெயரில் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். எண்ணூரில் முதலில் பூட்டியது ஆஸ்டின் ஏ40 கார்கள். லேலண்டுடன் கைகோத்து, 1955-ல் பெயர் மாறிய பிறகு கார் போய்விட்டது.

● ஃபோர்டு இந்தியாவை விட்டு இரண்டு முறை போயிருக்கிறது. 1926-ல் இங்கே கம்பெனி திறந்து, பாகங்களை இறக்குமதி செய்து காராகப் பூட்டி விற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் அதே வேலையைத் தொடங்கியது. 1953-ல், இங்கேயே பாகங்களைச் செய்யும் திட்டம் இல்லாதவர்கள் கடையைக் கட்ட வேண்டும் என்று அரசு முடிவெடுத்ததும் இருவரும் கிளம்பினார்கள். ஃபோர்டு 1995-ல் திரும்பி வந்து மறைமலை நகரில் ஆலை கட்டியது. 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022-ல் அங்கே கடைசிக் காரை இறக்கியது.

● பெரியவர்கள் போனதால் பிழைத்தவர்களில் முதல் ஆள் அம்பாசடர். 1942-ல் பிர்லா குழுமம் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய இந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948-ல் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவுக்கு மாறியது. அங்கே 1957-ல் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார், அம்பாசடர் என்ற பெயரில் வந்தது. இங்கிலாந்தில் அந்த மாடல் 1959-லேயே நின்றுவிட்டது. இங்கே 2014 மே 24 வரை உற்பத்தி ஓடியது. 2013-ல் பி.பி.சி.யின் டாப் கியர் நிகழ்ச்சி அதை உலகின் சிறந்த டாக்ஸி என்று தேர்ந்தெடுத்தது. 2017-ல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்ஸின் பெஜோ வாங்கியது.

● இங்கேதான் பழைய கார்க்காரர்களுக்குள் பெரிய வாதம் கிளம்பும். ‘அந்தக் காலத்துத் தகடு இப்போது வருமா?’ என்பார் ஒருவர். தகடு கனம்தான், ஒத்துக்கொள்கிறேன். முன்பக்க டார்ஷன் பார் ஸ்பிரிங்கும் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கும் மேடு பள்ளத்தை விழுங்கியதும் உண்மை. ஆனால் அந்தத் தகட்டுக்குக் காசு கட்டியவன் எத்தனை வருஷம் காத்திருந்தான்? எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். விலையையே அரசு நிர்ணயித்த காலமும் உண்டு, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. போட்டியே இல்லாத இடத்தில் மாற்றம் எப்படி வரும்? வெளிச்சட்டத்தையும் கிரில்லையும் மாற்றி மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர் வைத்தார்கள். வாங்குகிறவன் வரிசையில் நின்றான். அம்பாசடரை நேசிப்பது வேறு, அதை அப்படியே உறைய வைத்த முறையைக் கொண்டாடுவது வேறு. எனக்கு முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை.

● இந்தியாவின் முதல் டீசல் காரும் அம்பாசடர்தான். ஆண்டு 1980.

● பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1964-ல் 12,000 ரூபாய் விலையுள்ள ஃபியட் கார் வாங்கக் கையில் முழுப் பணம் இல்லாமல், பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் எடுத்தார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் இறந்தபோது கடன் முடியவில்லை. மனைவி லலிதா தன் ஓய்வூதியத்திலிருந்து அதை அடைத்தார். அந்தக் கார் டெல்லியில் சாஸ்திரியின் நினைவு இல்லத்தில் நிற்கிறது. இந்த நாட்டில் பாதுகாக்கப்படும் கார்களில் ஒன்றை மட்டும் பார்க்க வாய்த்தால் நான் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

● பத்மினி என்ற பெயர் சித்தூர் ராணியுடையது. பம்பாயில் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், ஃபியட் 1100-ஐ 1974-லிருந்து அந்தப் பெயரில் விற்றது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸி அதுதான். அங்கே டாக்ஸிக்கு 20 ஆண்டு ஆயுள் என்பது விதி. கடைசியாக ஒரு பத்மினி டாக்ஸி பதிவானது 2003 அக்டோபர் 29-ல். 2023 அக்டோபர் 30 முதல் மும்பைத் தெருவில் அந்த டாக்ஸி இல்லை.

● இப்போது என் மனதுக்கு நெருக்கமான கார், நம் சென்னை செய்த கார். ஸ்டாண்டர்டு ஹெரால்டு! வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961-லிருந்து வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலொட்டி. 948 சி.சி. எஞ்சின். பானட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் சாயும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் கை வைக்கலாம். என் பெரியப்பா அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உட்கார்ந்திருப்பார். பிளக்கைத் துடைப்பது என் வேலை. 25 அடி வட்டத்துக்குள் அது திரும்பிவிடும். எங்கள் தெருவின் முட்டுச்சந்தில் அம்பாசடர்கள் ரிவர்ஸ் எடுத்துத் திணறும்போது பெரியப்பா ஒரே வளைப்பில் வெளியே வருவார்.

இந்தக் காருக்கு ஏன் தனி சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டிய உடல்? அந்த நாளில் எல்லோரும் சேசிஸும் உடலும் ஒன்றான அமைப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு டிரயம்ப் கம்பெனிக்கு உடல் செய்து கொடுத்த ஆலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. ஒரே துண்டாக உடல் செய்ய ஆளில்லை. ஆகவே பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்து பூட்டும்படி வடிவமைத்தார்கள். நெருக்கடியில் பிறந்த அந்த யோசனை, பெட்டிகளில் பாகங்களை இறக்கிப் பூட்டும் சென்னை ஆலைக்கு அப்படியே பொருந்தியது. இன்று ஹெரால்டைப் புதுப்பிப்பவருக்கும் அதுதான் வரம். துருப்பிடித்த துண்டை மட்டும் கழற்றிவிட்டு வேறு போடலாம்.

● இங்கிலாந்தில் இரண்டு கதவோடு மட்டுமே வந்த ஹெரால்டு, நான்கு கதவோடு வந்தது சென்னையில்தான்.

● பெயரிலும் ஒரு விசேஷம். ஆங்கிலத்தில் ஸ்டாண்டர்டு என்ற சொல்லுக்கு ‘சாதாரணமானது’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டதால், 1963-ல் இங்கிலாந்தில் கார்களுக்கு அந்தப் பெயரையே கைவிட்டார்கள். இங்கே அது கால் நூற்றாண்டு கூடுதலாக வாழ்ந்தது. நமக்கு ஸ்டாண்டர்டு என்றால் உயர்ந்தது என்றுதானே பொருள்!

● 1985-ல் அதே ஆலை ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை இறக்கியது. உடல் ரோவர் எஸ்.டி.1, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கியது. உள்ளே வைத்த எஞ்சினோ பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் வழியில் வந்த 1991 சி.சி. எஞ்சின். ரோவருக்கு இங்கிலாந்தில் 3.5 லிட்டர் வி8 போட்டிருந்தார்கள். உடம்புக்கும் இதயத்துக்கும் பொருத்தமில்லை, விலையோ அதிகம். 1988-ல் உற்பத்தி நின்றது, ஆலையும் எழவில்லை. இன்று அந்த நிலத்தில் கண்ணாடிச் சுவர் அலுவலகங்கள். நாற்பது ஆண்டு கார் செய்த ஆலை அது. அங்கே வேலை பார்த்தவர்களின் கைத்திறனைச் சொல்ல அதே இடத்தில் ஒரு காராவது நின்றிருக்க வேண்டும். தொழில் நகரம் என்று பெருமை பேசும் சென்னைக்கு இது பெரிய குறை.

● அந்தக் குறையைக் கோவை கொஞ்சம் தீர்க்கிறது. அவிநாசி சாலையில் 2015-ல் ஜி.டி. கார் அருங்காட்சியகம் திறந்தது. ஜி.டி.நாயுடு 1952-ல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் செய்து காட்டினார். லைசென்ஸ் கிடைக்காததால் உற்பத்தி நின்றது. குழந்தைகளோடு அந்த அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இந்தச் செய்தியையும் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

● எம்.ஜி.ஆர். பயன்படுத்திய அம்பாசடரின் எண் 4777, முன்னெழுத்து டி.எம்.எக்ஸ். தியாகராய நகர் நினைவு இல்லத்தில் அதைப் பார்க்கலாம்.

● இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்தது. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. வீட்டுக்கு அரிசி மூட்டை ஏற்றிவந்த அதே ஃபியட்டும் ஹெரால்டும் அங்கே ஓடின. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்தது.

● ‘வின்டேஜ்’ என்பது சும்மா பழையது என்று பொருள்படும் சொல் அல்ல. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவாவின் கணக்கில் 1919 முதல் 1930 வரை செய்தவைதான் வின்டேஜ். 1904 வரை உள்ளவை மூதாதையர் வகை, 1905 முதல் 1918 வரை வெட்டரன். குறைந்தது 30 ஆண்டு கடந்து, அசல் நிலையில் பேணப்பட்டு, அன்றாட ஓட்டத்துக்குப் பயன்படாதிருந்தால் அது வரலாற்று வாகனம்.

● அந்த 30 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் முதல் மாருதி 800-களும் வரலாற்று வாகனங்களே! 1983 டிசம்பர் 14-ல் இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். ‘மாருதியெல்லாம் கிளாசிக்கா?’ என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். ரோல்ஸ் ராய்ஸ் சில அரண்மனைகளைத்தான் மாற்றியது. 796 சி.சி. மாருதி பல லட்சம் வீடுகளை மாற்றியது. முதல் வரிசை 800 ஒன்று கலையாமல் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து உடைக்கப் போடாதீர்கள்.

● நம் சட்டத்தில் கணக்கு வேறு. 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டிதான் வின்டேஜ். புதிதாகப் பதிவுசெய்தால் எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டும் சாலையில் இறக்கலாம். தினசரி ஓட்டமோ வாடகையோ கூடாது.

இதில் ஒரு நிபந்தனை பலரைத் தவிக்க வைக்கிறது. சேசிஸ், உடல், எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. நம் ஊரில் நடந்தது என்ன? பெட்ரோல் விலை கடித்தபோது எத்தனையோ அம்பாசடர்களில் மேட்டடார் வேனின் டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காய்கறிச் சந்தைக்கும் ஓடி அவை பிழைத்தன. அசல் எஞ்சினோடு நின்ற வண்டிகள் பல துருப்பிடித்து எடைக்குப் போயின. சுத்த அசல்காரர்கள் மேட்டடார் வண்டியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குப் பிடிப்பதில்லை. அந்த மாற்றமும் இந்த நாட்டின் கார் வரலாறுதான், அதைச் செய்த மெக்கானிக்கின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அசல் வண்டிக்கு ஒரு பிரிவு இருக்கட்டும். உழைத்துப் பிழைத்த வண்டிக்கும் ஒரு பிரிவு கொடுங்கள் என்பதே என் கோரிக்கை.

● 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் 5,000. 2025-ல், 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000 ஆனது. புகை கக்கும் வண்டியைத் தடுக்க வேண்டும், மறுப்பில்லை. ஆனால் வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத, பளிச்சென்று பேணப்பட்ட 35 வயது ஃபியட்டும், பராமரிப்பே இல்லாமல் தினம் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியும் ஒரே தட்டில் எடைபோடப்படுகின்றன. வயதைப் பார்ப்பது எளிது, நிலையைப் பார்ப்பதே நியாயம். 50 வயதில்தான் சலுகை என்றால், அந்த வயதை எட்டும்வரை வண்டி உயிரோடு இருக்க வேண்டுமே!

● பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கி, உள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். பழைய ரப்பர் குழாய் ஊறிப் பிளக்கும். எங்கள் ஃபியட்டில் இப்படி ஒரு குழாய் கசிந்து, சூடான எஞ்சின்மேல் சொட்டிக்கொண்டிருந்ததைத் தற்செயலாகத்தான் பார்த்தேன். தீப்பிடித்திருந்தால் காரும் கொட்டகையும் போயிருக்கும். எத்தனால் தாங்கும் குழாய்க்கு மாறுங்கள். டேங்க்கைப் பாதி காலியாக நிறுத்தி வைக்காதீர்கள். எத்தனாலில் எரிசக்தி குறைவு என்பதால் கார்புரேட்டரையும் அதற்கேற்ப மெக்கானிக்கிடம் சரிசெய்துகொள்ளுங்கள்.

● நின்றால் கெடும் பொருள் கார். பிரேக் சிலிண்டர் இறுகும், பேட்டரி சாகும், டயர் ஒரே இடத்தில் தட்டையாகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிடம் உறும விட்டு அணைப்பது போதாது. சூடேறாத சைலன்ஸருக்குள் தண்ணீர் தங்கி அரிக்கும்.

● உதிரிபாகம் தேடுகிறவருக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இன்னும் கோயில்கள். ஆனால் ஹெரால்டின் முன்விளக்கு வளையத்தைப் பார்த்ததும் பெயர் சொல்லும் பெரியவர்கள் அங்கே குறைந்துவருகிறார்கள். இப்போதே போய்ப் பேசுங்கள்.

● உங்கள் வீட்டில் தார்ப்பாய்க்குள் கார் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று வேலை செய்யுங்கள். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் இருப்பவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தாத்தாவோ அப்பாவோ அந்தக் காரோடு நிற்கும் பழைய போட்டோவை அதோடு சேர்த்து வையுங்கள். எடைக்குக் கேட்டு ஆள் வந்தால், ‘விற்பதற்கில்லை’ என்று சொல்லி அனுப்புங்கள்.